முழு வருகை

மகளின் போன் எண்ணை நான் விடவில்லை. அவள் போன பிறகும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரியும். எண் வேறு யாருக்காவது போய்விடுமே என்ற பயம்தான்.

அந்த போன் ஒரு மத்தியானம் அடித்தது. மூக்கண்டப்பள்ளியில் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியில் எனக்குச் சமையல் வேலை. மாவுக் கையோடு எடுத்தேன். மகள் படித்த இன்ஜினியரிங் கல்லூரியின் மேடம் ஒருவர், கன்னடம் இழையும் தமிழில் கேட்டார்.

"அவங்க இருக்காங்களா?"

"இல்லைங்க."

"ஓ, டியூட்டியா? நீங்க அம்மாங்களா? இங்க படிச்சுப் போயி சாதனை பண்ணவங்களுக்கு விழா வெக்கிறோம். உங்க பொண்ணு பேரும் இருக்குது."

"என்னா சாதனைங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? மூணு வருசம் ஒரு நாள் கூட லீவு போடலியே. மூணு வருசம் முடிஞ்ச அன்னிக்கே கம்பெனி லெட்டர் போட்டிருந்தாங்க. அவங்களால வர முடியலன்னா நீங்களாவது வாங்க."

'இல்லை' என்ற சொல் எங்கள் பேச்சில் இரண்டுக்கும் பொது. வெளியே போயிருந்தாலும் இல்லை, போய்ச் சேர்ந்திருந்தாலும் இல்லை. கன்னடத்திலும் அப்படியே. நான் ஒன்றைச் சொன்னேன், அவர் மற்றதை எடுத்துக்கொண்டார். திருத்த வேண்டுமென்றால் வேறு சொல் வேண்டும். அந்தச் சொல்லை அதுவரை என் வாயால் நான் சொன்னதே கிடையாது. சரிங்க என்று வைத்துவிட்டேன்.

அந்த மூன்று வருசத்தின் கடைசி வாரத்தில்தான் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. கம்பெனி வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியைப் பிடித்துச் சூடு பார்ப்பார்கள். அதிகமாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் பஸ் ஏறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்வாள்.

"இன்னும் நாலே நாளும்மா. மாசம் முடிஞ்சா மூணு வருசம் ஃபுல்லு. சர்ட்டிபிகேட் வந்துரும், பதவியும் ஏத்துவாங்க. அப்புறம் ஒரு வாரம் படுத்துக்குறேன், நீ காலு புடிச்சு வுடு."

"உடம்பு அனலாக் கொதிக்குதுடி."

"வாசல்ல கொதிக்காம இருந்தாப் போதும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுத்ததும், விழுங்கத் தண்ணீர் கொடுத்ததும் நான்தான். நாலு நாளும் போனாள். ஐந்தாம் நாள் எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். கிருமி ரத்தமெல்லாம் பரவிவிட்டது, தள்ளிப் போட்டுவிட்டீர்கள் என்றார்கள். சர்ட்டிபிகேட் பிறகு தபாலில் வந்தது.

நான் விழாவுக்குப் போனது பரிசுக்காக அல்ல. லீவு போடாத அந்தக் கதையை அத்தனை பிள்ளைகள் முன்னால் படிக்க வேண்டாம் என்று அந்த மேடத்திடம் கேட்டுக்கொள்ளத்தான். ஐந்தாவது வரை படித்தவள் நான். கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. மகள் சேரும்போதுகூட கேட்டுக்கு வெளியேதான் நின்றேன்.

சீக்கிரமே போய்விட்டேன். மேடம் பட்டுப்புடவையில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். "மேடம், ஒரு வார்த்தைங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "உக்காருங்கம்மா, டிபன் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் கோட்டு போட்ட இரண்டு ஆண்கள், சேர்ந்து படித்தவர்கள் போலிருக்கிறது.

"ஏன்டா, நீ பாஸ் பண்ணதே சாதனைதான். அதுக்குத்தான் ஷீல்டு குடுக்குறாங்க."

"நீ பேசாத. என் பேப்பரப் பாத்து எழுதி இன்னிக்கு நீ பெரிய ஆளு."

அவர்கள் சிரிப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் மகளுக்கும் அவர்கள் வயதுதான் இருக்கும்.

அவள் பேரைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறினேன். மைக் பிடித்திருந்த சார் படித்தார்: மூன்று ஆண்டுகள், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர், இன்று பணியில் இருப்பதால் தாயார் பெற்றுக்கொள்கிறார். கைதட்டினார்கள். ஷீல்டைக் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று மைக்கை நீட்டினார்.

"எம் பொண்ணு செத்துட்டாங்க," என்றேன். "காய்ச்சலோட வேலைக்குப் போனா. அதனால..."

அதனால் அவளைப் பெருமையாகப் பேசாதீர்கள் என்றுதான் சொல்ல வந்தேன். அதற்குள் அந்த சார் மெதுவாக என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுசர்தான்.

"கேட்டீங்களா மாணவர்களே? காய்ச்சலிலும் கடமை தவறாம, தன் உயிரையே வேலைக்குக் கொடுத்த சகோதரி. இதைவிடப் பெரிய சாதனை என்ன இருக்கு?"

எல்லாரும் எழுந்து நின்றார்கள். முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள். கோட்டு போட்ட இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். ஷீல்டை இடுக்கிக்கொண்டு மைக்குக்காக இரண்டு கையையும் நீட்டினேன். கும்பிடுகிறேன் என்று நினைத்து அவர் திரும்பக் கும்பிட்டார்.

படியில் இறங்கும்போது பேர் கூப்பிட்டவர்களை மேடைக்கு அழைத்துப் போகும் மாணவி ஒருத்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா, நானும் அந்த அக்கா மாதிரிதான். போன மாசம் அம்மை போட்டுச்சு, அப்பக்கூட ஒரு கிளாஸ் வுடல."

அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கையை மெல்ல உருவிக்கொண்டு, அவரை மேடைக்கு அழைத்துப் போக ஓடினாள்.