தனக்கே கொள்ளுத்தாத்தாவான புறா

வேர்லேவுக்கு இணையப் பக்கங்கள் எழுதுவது தொழில். கெண்ட் நகரத்து நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே எழுதிக் கொடுப்பாள். அது என்ன வேலை என்று எங்கள் ஊரில் யாருக்கும் புரிந்ததில்லை. பிரிண்டர் மக்கர் செய்தால் அவளைக் கூப்பிடுவோம். டிவி ரிமோட் தொலைந்தாலும் அவளைத்தான். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

அப்படித்தான் பந்தயப் புறாச் சங்கத் தலைவர் ஒடிலோனிடம் மாட்டினாள். சங்கம் கூடுவது என் கஃபேயில்தான்.

"ஒவ்வொரு புறாவோட வம்சமும் திரையில மரம் மாதிரி விரியணும்மா. புறாக் கால்ல மாட்டுற வளையத்து நம்பரெல்லாம் நானே ஒண்ணுவிடாம தட்டி வச்சுட்டேன்" என்றார்.

வேர்லே ஒரே ஒரு காம்பொனென்ட், அதாவது பக்கத்தின் ஒரு துண்டை வரையும் சின்ன நிரல், எழுதினாள். அது ஒரு புறாவுக்கு ஒரு கட்டம் வரையும். பிறகு அதன் தாயையும் தகப்பனையும் வரையத் தன்னையே மறுபடி கூப்பிடும். பெற்றோர் யாரென்று தெரியாத புறா வந்தால் நின்றுவிடும். கட்டத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் அடுத்த தலைமுறை திறக்கும். மூன்று தலைமுறைப் பொய்ப் புறாக்களை வைத்துச் சோதித்தாள். சொன்ன பேச்சைக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கஃபே சுவரில் படம் விழுந்தது. ஒடிலோன் தன் செல்லப் பந்தயப் புறாவைத் தேடியெடுத்தார். கழுத்தில் வெள்ளைப் பட்டை இருப்பதால் அதற்குப் பாதிரி என்று பெயர். கூட்டல் குறியை அழுத்தினார். தாத்தா வந்தார். கொள்ளுத்தாத்தா வந்தார். அழுத்த அழுத்த வந்துகொண்டே இருந்தார்கள்.

"நாப்பது தலைமுறை ஆச்சு. இன்னும் முடியல பாருங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

அடுமனைக்கார ஃபிர்மினுக்கும் அவருக்கும் எப்போதும் ஆகாது. ஃபிர்மின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரருகே போனார்.

"ஒடிலோன், மூணு தலைமுறைக்கு ஒருதரம் பாதிரியே வர்றாரே. உன் புறா தனக்குத் தானே கொள்ளுத்தாத்தாவா? போயும் போயும் ஒரு பாதிரிக்கு இப்படியொரு குடும்பமா?"

கஃபே சிரிப்பில் குலுங்கியது. கோபத்தில் ஒடிலோன் 'எல்லாம் திற' பொத்தானைக் குத்தினார். கம்ப்யூட்டர் விசிறி அலறியது, திரை உறைந்தது.

"இவ எழுதினது கோளாறு. என் புறா மேல பழி போடாதீங்க."

வேர்லேவின் காதுகள் சிவந்தன. "பாதித் தப்பு என்னோடது மாமா. வட்டமடிச்சா நிக்கணும்னு நான் அதுக்குச் சொல்லல. மீதிப் பாதி எங்க இருக்குன்னு பாத்துடுவோம்" என்று அங்கேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டமும் அதுவரை வழியில் வந்த நம்பர்களைத் தன் கீழ்க் கட்டத்துக்குச் சொல்லியனுப்பும்படி மாற்றினாள். சொல்லப்பட்ட நம்பரே திரும்ப வந்தால் சிவப்புக் கட்டம் போட்டு நின்றுவிடும்.

பதினோரு சிவப்புக் கட்டங்கள் வந்தன. நாலு ஃபிர்மினுடைய புறாக்களுக்கு. அவர் சிரிப்பு அடங்கியது.

"மாமா, வளையத்துல நம்பருக்கு முன்னாடி வருஷம் இருக்குமே, அதையும் தட்டினீங்களா?"

"அது எதுக்கும்மா வீணா ரெண்டு எழுத்து?"

நம்பர்கள் ஆண்டுதோறும் முதலிலிருந்து தொடங்குபவை. பாதிரியும், பன்னிரண்டு ஆண்டு முன்பு அதே நம்பரோடு பிறந்த இன்னொரு புறாவும் ஒரே புறாவாகிவிட்டன. ஒடிலோன் வீட்டிலிருந்து நோட்டைக் கொண்டுவந்தார்; அவரும் வேர்லேவும் பிற்பகல் முழுக்க ஆண்டுகளைச் சேர்த்தார்கள். மரம் ஒழுங்காக நின்றது. பாதிரிக்கு வேறொரு கொள்ளுத்தாத்தா கிடைத்தார். வேர்லே நம்பரை உரக்கப் படித்து, சங்கத்துப் பதிவேட்டில் அந்த வளையத்தை வாங்கியவர் பெயரையும் தேடிப் படித்தாள்.

ஃபிர்மின்.

"ரெண்டாயிரத்து ஏழுல புயல்ல காணாமப் போச்சே, என் சாம்பல் புறா" என்றார் ஃபிர்மின் மெதுவாக.

ஒடிலோன் பீரைப் பார்த்தார். "அதுவா வந்துச்சு. நல்லாத் தின்னுச்சு. போகச் சொல்ல மனசு வரல."

அடிதடி வருமென்று நான் கண்ணாடிக் கோப்பைகளை எடுத்து உள்ளே வைத்தேன். ஃபிர்மின் நாற்காலியை இழுத்து ஒடிலோன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சரி சம்பந்தி, ஒரு பீர் சொல்லுங்க. பாப்பாவுக்கும் சேத்து."