வெள்ளிக்கிழமைத் தண்ணி போன இடம்

என்ர மனுசன் வடிகால் இஞ்சினியர். மெல்பேர்னில ஒரு நகரசபையில வேலை. எந்தத் தெருத் தண்ணி எந்தக் குழாயால போய் எந்த ஆத்தில விழும் எண்டு நித்திரையில கேட்டாலும் சொல்லுவார். அப்பிடிப்பட்டவர் தன்ர சொந்தக் குசினியில ஒரு ஓட்டை போட்டார். அந்தக் கதையைத்தான் சொல்லப்போறன்.

எழுபதுகளின்ர நடுவில பிரஸ்டன் பக்கம் ஒரு பழைய பலகை வீடு வாங்கினனாங்கள். அந்த வீடுகளுக்கு எங்கட ஊர் மாதிரி அத்திவாரம் இல்லை. நிலத்தில மரக்கட்டைகளை நட்டு, அதுக்கு மேல வீட்டைத் தூக்கி வைச்சிருப்பாங்கள். பலகைத் தரைக்கும் மண்ணுக்கும் இடையில ரெண்டடி வெறும் இடம். காத்துப் போய்வர சுத்திவரக் கம்பிவலை போட்ட துவாரங்கள். பின்பக்கத்தில, தவண்டு போறதுக்கு ஒரு குட்டிக் கதவு. வீட்டுக்கு வந்த அண்டைக்கே அவர் அந்தக் கதவைப் பாத்திட்டு, "உதைத் திறக்கக்கூடாது, உள்ள பாம்பிருக்கும்" எண்டிட்டார். மூண்டு வருசமா ஒருத்தரும் திறக்கேல்லை.

முதல் குளிர்காலம் வந்திச்சுது. பலகை இடுக்கால காத்து வந்து சீலைக்குள்ள பூருது. இவர் ஒரு சனிக்கிழமை முழுக்க மினக்கெட்டு, அந்தத் துவாரங்கள் எல்லாத்துக்கும் பழைய சாக்கும் பேப்பரும் வைச்சு அடைச்சார். "இனிப் பாம்பும் வராது, குளிரும் வராது. ஒரு கல்லில ரெண்டு மாங்காய்" எண்டு கையைத் தட்டிக்கொண்டு வந்தார். நானும் அட, கெட்டிக்காரன் எண்டு நினைச்சன். என்ர புத்தியைச் செருப்பால அடிக்கோணும்.

அடுத்தது ஓட்டை. வெள்ளிக்கிழமை எண்டா எனக்கு வீடு கழுவோணும். ஊரில சீமெந்து நிலம். வாளி வாளியா ஊத்தி விளக்குமாத்தால தள்ளிவிட்டா, சுவர் மூலையில இருக்கிற ஓட்டையால எல்லாம் போயிடும். இஞ்ச என்னடா எண்டா ஈரத்துணியால துடைக்கிறாங்கள். மீன் சமைச்ச குசினியைத் துணியால துடைச்சா மச்ச வாடை போகுமே? இந்த மூலையில இருந்து அந்த மூலைக்குப் போகும், அவ்வளவுதான். நான் ஒவ்வொரு வெள்ளியும் புறுபுறுக்க, மனுசன் ஒரு நாள் துளைக்கிற மிசினோட வந்து, குசினி மூலையில ரெண்டு அங்குலத்துக்கு வட்டமா ஒரு ஓட்டை போட்டார். கரப்பான் வராமல் ஒரு வலையும் வைச்சார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வடிவான ஓட்டை.

"தண்ணி எங்க போகும்?" எண்டு கேட்டன்.

"மண் குடிக்கும். நீர் பயப்படாமல் ஊத்தும்" எண்டார்.

எங்கட ஊர் மண் குடிக்கும்தான். அண்டாவோட கவிட்டாலும் ஒரு மணித்தியாலத்தில இருந்த இடம் தெரியாது. மெல்பேர்ன் களிமண் குடிக்காது, வாயில வைச்சுக்கொண்டே இருக்கும். அது அவருக்குத் தெரியாதெண்டில்லை. ஆனா அந்த அறிவெல்லாம் காலமை எட்டு மணியில இருந்து பின்னேரம் நாலு மணி வரைக்கும்தான். நான் வெள்ளிக்கு வெள்ளி நாலு வாளி ஊத்தினன், மஞ்சளும் கலந்து.

மூண்டாம் வருசம் வீடு தன்ர குணத்தைக் காட்டத் தொடங்கிச்சுது. அலுமாரியைத் திறந்தா ஊறின சாக்கு மணம். என்ர கூறைச்சீலை மடிப்பில பச்சைப் பூஞ்சணம். குளியலறைக் கதவு பூட்டுப்படாமல் நிண்டுது. உள்ள போறவை ஆள் இருக்கெண்டு தெரியிறதுக்குப் பாட்டுப் படிச்சுக்கொண்டு இருக்கவேணும். குசினியில தேசிக்காய் விழுந்தா, தானா உருண்டு பக்கத்தில இருக்கிற பிள்ளையின்ர அறைக்குப் போயிடும். தோசைக்கல்லில எண்ணெய் ஒரு பக்கமாத்தான் நிக்கும். "வீடு சரியுது" எண்டு சொன்னா, "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" எண்டு அவருக்குச் சிரிப்பு. கூடம் உண்மையாவே கோணல், ஐயா!

சிரிக்க ஏலாதது ஒண்டு இருந்தது. எங்களுக்கு ஒரே ஒரு மகள். ஐஞ்சு வயது. அவளுக்கு இழுப்பு வந்திட்டுது. முதல்ல இருமல், பிறகு நெஞ்சில பூனைக்குட்டி கத்துற மாதிரி ஒரு சத்தம். டொக்டர் இந்த ஊர்க் குளிர்தான் காரணம் எண்டார். இவர் முதல்ல "மூக்கிருக்கும் வரைக்கும் சளி இருக்கும்" எண்டார். பிறகு, நான் சனிக்கிழமையில எண்ணெய் வைச்சு முழுக வார்க்கிறதுதான் காரணம் எண்டார். அந்த நேரம் பாத்து, யாழ்ப்பாணத்தில இருந்து அவரின்ர தமக்கை கடிதம் போட்டா. "உந்தக் குளிர் பிள்ளைக்கு ஒத்துவராது. இஞ்ச அனுப்புங்கோ, நான் வளர்க்கிறன்." மச்சாளுக்குப் பிள்ளையள் இல்லை. நல்ல மனுசி. கெட்டவளா இருந்திருந்தா நாலு வார்த்தை ஏசிப்போட்டு விட்டிருப்பன்.

"பிள்ளை மூச்சுவிட ஏலாமக் கிடக்கிறாள், நீர் உம்மட ஆசையைப் பாக்கிறீர்" எண்டார் அவர். நான் ஓம் எண்டன். அந்த ஓமைச் சொன்ன வாயை எனக்கு இண்டைக்கும் பிடிக்காது. ஆவணி மாசம் அவர் கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு வாறதெண்டு டிக்கெட் எடுத்தாச்சு.

போறதுக்குப் பத்து நாள் இருக்க, பக்கத்து வீட்டுக் கிழவி தலையில சுருளெல்லாம் சுத்தின படியே ஓடி வந்தா. அவவின்ர பூனை எங்கட வீட்டுக்குக் கீழ போயிட்டுதாம். போய்ப் பாத்தா, அந்தக் குட்டிக் கதவு அடியில உக்கி, ஒரு மூலை கையோட வருது. மனுசனைப் பாத்தன். அவர் "பாம்பு..." எண்டு தொடங்கினார். "பூனை போன இடத்துக்கு நான் போறன். நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, அவரின்ர காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு பூந்தன்.

அட கறுமமே! முழங்கை வரைக்கும் சேறு. ஒரு சொட்டுக் காத்தில்லை. குசினிக்குக் கீழ ஒரு குளம், மேல மஞ்சளா ஆடை படர்ந்து நிக்குது. அந்த வடிவான ஓட்டையால வெளிச்சம் நேரா அதில விழுகுது. கரையில, தண்ணியோட போன என்ர கடுகு வெள்ளை வெளேரெண்டு முளைச்சு நிக்குது. பக்கத்தில இருந்த கட்டையை டோர்ச்சால தட்டினன். அவிச்ச மரவள்ளிக்கிழங்கில குத்தின மாதிரி உள்ள போச்சுது. பிள்ளையின்ர அறைக்குக் கீழ பலகை தெரியேல்லை, அவ்வளவுக்குப் பஞ்சு பஞ்சாப் பூஞ்சணம். மூண்டு வருசமா என்ர குஞ்சு அதுக்கு மேல கட்டில் போட்டுப் படுத்திருக்கிறாள்.

கிடந்த படியே மனுசனை ஏசினன். அவரின்ர படிப்பை ஏசினன், பட்டம் குடுத்தவங்களை ஏசினன். ஏசி முடிய, ஓட்டை அவர் போட்டது, தண்ணி ஆரடி ஊத்தினது எண்டு மனசு கேட்டுது. வாயை மூடினன்.

அப்பதான் மேல கதைக்கிற சத்தம் கேட்டுது. இடையில ஒரு அங்குலப் பலகைதானே, காதுக்குள்ள சொல்லுற மாதிரிக் கேக்குது.

"அப்பா, இண்டைக்கு நான் ஒருக்காவும் இருமேல்லை. கவனிச்சனீங்களோ?"

"ஓம் குஞ்சு."

"வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். நாளைக்கும் இருமாட்டி என்னை மாமி வீட்ட அனுப்பமாட்டீங்கள்தானே?"



நான் டோர்ச்சால பலகையில ஓங்கி அடிச்சன். "இருமு பிள்ளை!"

மேல ஒரு கதிரை விழுந்த சத்தம். "ஆரது?" எண்டு மனுசன் கத்துறார்.

"பாம்புமில்லை, பேயுமில்லை, நான்தான்! பிள்ளை, அம்மா சொல்லுறன், இருமு. நல்லா இருமு. நீ ஒரு இடமும் போகேல்லை."

பிள்ளை முதல்ல கெக்கட்டமிட்டுச் சிரிச்சாள். சிரிப்பு இருமலா மாறிச்சுது. அடக்கி வைச்சிருந்ததெல்லாம் ஒண்டா வந்திச்சுது. நான் சேத்துக்குள்ள மல்லாந்து கிடந்து அதை முழுக்கக் கேட்டன். அழுதன். பூனை எந்தப் பக்கத்தால போனதெண்டு எனக்குத் தெரியாது.

நான் வெளியில வந்தபிறகு அவர் பூந்தார். போட்டிருந்த வெள்ளைச் சேட்டோடயே பூந்தார். கனநேரம் வரேல்லை. வந்து, என்ர முகத்தைப் பாக்காமல் நேரா போய் சாக்குகளை ஒவ்வொண்டா இழுத்து எறிஞ்சார். டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்தம். ஆள் பிடிச்சுக் கட்டைகளை மாத்தி, ஓட்டையை அடைச்சு, வீடு காயிற வரைக்கும் மூண்டு பேரும் முன் அறையில படுத்தம். கோடை வர இழுப்புக் குறைஞ்சு, அடுத்த வருசம் இல்லாமலே போச்சுது.

ஆனா பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும், இருமல் வந்தா அவள் முதல்ல தேப்பன்ர முகத்தைப் பாப்பாள், பிறகு என்ர முகத்தைப் பாப்பாள். பாத்திட்டுத்தான் இருமுவாள்.