உள்ளே மடித்த நுனி

வேலை போனவனுக்கு ஒரு முதலாளி எந்தக் கேள்வியும் கேட்காமல் வேலை கொடுத்தால், கும்பிட்டு வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. நான் சந்தேகப்பட்டேன். டாக்டர் சிரித்துப் பேசினால்கூட, நோய் பெரிதாக இருக்குமோ என்று யோசிக்கிற ஆள் நான்.

காரணமும் இருந்தது. தோட்டத்தில் என்னை நிறுத்தியது ஒட்டுப்பால் திருட்டுக்காக. எனக்கு வேலை கொடுத்தவரோ யட்டியாந்தோட்டை பஜாரில் ஒட்டுப்பால் வாங்கி விற்கும் முதலாளி.

ரப்பர் மரத்தில் பால் வடிந்து முடிந்த பிறகு, வெட்டிலும் கோப்பையிலும் மிச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் பால் வெட்டுவதற்கு முன் அதை உரித்தெடுத்து, உருண்டையாகச் சுற்றிப் பையில் போட்டுக்கொள்வார்கள். அதுதான் ஒட்டுப்பால். தோட்டத்துச் சொத்து. பெக்டரியில் அதைத் தரம் பிரிப்பது என் வேலை. உருண்டையைப் பார்த்தே யாருடைய கை என்று என்னால் சொல்லிவிட முடியும். ஒருத்தி நூல்பந்து மாதிரி சுற்றுவாள், ஒருவன் அவசரத்தில் கசக்கிப் போடுவான். பால் வெட்டும் என் மனைவி, தன் தலைக்கொண்டையைப் போலவே சுற்றி, நுனியை உள்ளே மடித்துக் கட்டைவிரலால் அமுக்கிவிடுவாள். "மச்சான், ஒன் வீட்டுக் கொண்ட வந்துருக்கு" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள்.

ஒரு நாள் காலை, லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவுக்குப் பின்னால், விறகுக்கடியில் ஒரு மூட்டை ஒட்டுப்பாலைத் தோட்டத்துக் காவலுக்கு இருந்த வாச்சர் கண்டுபிடித்தான். மூட்டையின் வாயைக்கூட என் முன்னால் அவிழ்க்கவில்லை. நேரே ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெக்டரியில் கைவைக்க வசதி உள்ளவன் நான்தானே. தோட்டத்தை நடத்துகிற துரை என் முகத்தைப் பார்க்காமலே நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நான் செக்ரோலில், அதாவது நிரந்தரத் தொழிலாளர் பதிவில், பெயர் இல்லாத நாள்கூலி. நிறுத்துவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும். காம்பரா மனைவியின் பதிவில் இருந்ததால் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை.

வாச்சர்தான் அந்த மூட்டையை வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். கோயில் திருவிழாவில் எங்களுக்குள் வாய்த்தகராறு நடந்திருந்தது. "அவனா இருக்காதுங்க" என்று மட்டும் மனைவி சொன்னாள். ஊரில் எல்லாரும் உனக்கு நல்லவர்கள்தான் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

பிறகு வேலைக்கு அலைந்தேன். நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரி, இரத்தினபுரியில் ஒரு ஹார்ட்வெயார் கடை, ஒரு பேக்கரி. எங்கே போனாலும் முதல் கேள்வி "எய் அயின் வுணே?" ஏன் விலகினாய் என்பதுதான். ஒரு இடத்தில் முதுகுவலி என்றேன். ஒரு இடத்தில் துரை சரியில்லை என்றேன். பேக்கரியில் எனக்கு ரப்பர் வாடையே ஒத்துக்கொள்ளாது என்றேன். மூன்று தலைமுறையாக ரப்பர் காட்டில் கிடக்கிற குடும்பத்தில் பிறந்தவன் சொல்கிற பொய்யா அது. அவர்களும் நம்பவில்லை.

ஒட்டுப்பால் முதலாளி மட்டும் எதையுமே கேட்கவில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும், "மல்லி, நாளைக்கு வா" என்றார். சிங்களத்தில் தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி அவர் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை ஞாபகம் வந்தது. இருந்தாலும் போனேன்.

வருகிற ஒட்டுப்பாலைக் கத்தியால் பிளந்து, எடைக்காக உள்ளே கல் வைத்திருக்கிறார்களா, மண் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம். எனக்குப் பொருத்தமான வேலைதான், ஆனால் கத்தி கையில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் மனசு முதலாளியைத்தான் சுற்றி வந்தது. திருட்டுச் சரக்கும் வாங்குவார் போலிருக்கிறது, நாளைக்குப் பொலிஸ் வந்தால் கைகாட்ட ஏற்கெனவே பேர் கெட்ட ஒருவன் வேண்டும், அதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அவர் வாங்கிக் கொடுக்கும் பிளேன்டீயைக்கூட, எதற்காக என்று யோசித்துக்கொண்டேதான் குடிப்பேன்.

கடைக்குப் போகத் தோட்டத்து கேட்டைத்தான் தாண்ட வேண்டும். வெளியே போகிற பையை எல்லாம் வாச்சர் பார்ப்பான். நான் தினமும் சோற்றுப் பெட்டியை அவன் மூக்குக்கு நேரே திறந்து காட்டுவேன். "நல்லாப் பாரு, கொழம்புக்குள்ள ரப்பர் மரம் இருக்கும்" என்பேன். அவன் தலையைக் குனிந்துகொள்வான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று திருப்தியாக நடப்பேன்.

மூன்று மாதம் போனது. ஒரு மழை நாளில் பின்கொட்டிலில் ஒழுகியதால் பழைய மூட்டைகளை இடம் மாற்றினேன். அடியில் தூசி பிடித்த மூட்டை ஒன்று இருந்தது. அதை அவிழ்க்கப் போனபோது முதலாளி உள்ளேயிருந்து எழுந்து வந்தார்.

"மல்லி, அத வெட்டாத. அப்படியே வையி."

அகப்பட்டான் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூட்டைக்குள் கையை விட்டேன். வந்தது ஓர் உருண்டை. கொண்டை போலச் சுற்றி, நுனியை உள்ளே மடித்து, கட்டைவிரலால் அமுக்கியது. அடுத்ததும் அப்படித்தான். அந்த மூட்டையில் வேறு கையே இல்லை.

"ஒன் சம்சாரம் வந்து அழுதிச்சி" என்றார் முதலாளி. "என்னால அவருக்கு வேல போச்சின்னு. நானும் வாங்கினவன்தானே, இத விக்கவும் மனசு வரல. என்ன சொல்லி இல்லங்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் அது பாதிதான். வெட்கமாக இருந்தது. ஊரில் சந்தேகப்படாத முகம் ஒன்று இல்லை, தினம் எனக்குச் சோறு கட்டிக் கொடுக்கிற முகத்தைத் தவிர. ஓர் உருண்டையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உள்ளே வருகிற பையை வாச்சர் பார்ப்பதில்லை.

அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். உருண்டையைப் பலகையில் வைத்தேன். பார்த்தாள். ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"புள்ளைக்குக் கண்ணாடி போடச் சொன்னாங்கல்ல, அப்பதான் ஆரம்பிச்சது" என்றாள். "ரெண்டாவது மூட்டதான் மாட்டிக்கிச்சி."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ரோட்டுல. காம்பரா எம் பேர்லதான் இருக்கு. நீங்க எங்கயாவது ஒரு வேல தேடிக்குவீங்க. வீட்ட எங்க போயி தேடுறது?"

அவள் கணக்கில் நான்தான் கழிக்கக்கூடியவன், அந்தக் கணக்கில் தப்பும் இல்லை. அதுதான் வலித்தது. உருண்டையை எடுத்து அடுப்பில் போடப் போனேன்.

"அடுப்புல போடாதீங்க. லயம் பூரா நாறும்."

அதுவும் சரிதான். வெளியே எறிந்தால் யார் கண்ணிலாவது படும். மறுநாள் காலை அதைச் சோற்றுப் பெட்டிக்கு அடியில் வைத்து, கடைக்கே திருப்பி எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கேட்டில் வாச்சர் நின்றான். இத்தனை மாதம் நான் திட்டாமல் திட்டிய மனிதன். மன்னித்துக்கொள் என்று சொல்லக்கூட வழியில்லை; எதற்கு என்று கேட்டால் காம்பரா போய்விடும். பையின் ஜிப்பைத் தொட்டேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"வேணாம்ணே, தொறக்காதீங்க. தெனம் பாத்து ஒங்க மனச நோகடிச்சிட்டேன். நீங்க எடுக்குற ஆளு இல்லன்னு எனக்குத் தெரியும்."

சரி தம்பி என்று சொல்லிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன்.