பூசைத் தட்டில் வைத்த வாள்

தயாளினி பேசுவதைவிடப் பார்ப்பது அதிகம். லண்டனில், இல்ஃபோர்டில் ஒரு டிரை கிளீனிங் கடையின் பின்னறையில் இருந்து ஊரார் காற்சட்டைகளுக்கு நீளம் குறைத்துத் தைப்பது அவள் வேலை. செவன் கிங்ஸில் அக்கா கல்யாணியின் வீட்டு மேலறையில் குடியிருந்தாள். அந்த அறை அலுமாரிக்குள், துணிப்பையில், ஒரு ஜப்பான் வாள் இருந்தது.

ஜெர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தைக் கூட்டும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே சிலர் வாளை உருவி, வீசி, திரும்ப உறையில் இடப் பழகுவார்கள். தும்புத்தடியைப் பிடித்தபடி ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் பயிற்றுநர் மரவாள் ஒன்றை அவளிடம் நீட்டினார். பார்த்தே பாதி பழகியிருந்தாள். பதினொரு வருடம் கழித்து, ஜப்பானில் ஒரு கொல்லரிடம் கையால் அடித்த வாளுக்குச் சொல்லிவைத்தாள். அது வந்து சேர இரண்டு வருடம் சென்றது. அதன் அலகில் வெறும் விரல் படக் கூடாது. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். மெல்லிய தாளால் துடைத்து, கராம்பு எண்ணெய் பூசி வைக்க வேண்டும். அப்படித்தான் வைத்திருந்தாள்.

அக்காவின் கணவர் கனகலிங்கத்துக்கு அது கண்ணில் முள். "காலிப் பொடியளின்ர சாமானை என்ர வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறாள். பொம்பிளைக்கு என்னத்துக்கு வாள்?" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். இரண்டாயிரத்து எட்டில் வளைந்த வாள்களை விற்கத் தடை வந்தபோது அவருக்குக் கொண்டாட்டம். "பொலிஸ் வரப்போகுது, இருந்து பாருங்கோ!"

சில மாதங்களில், மரபு முறைப்படி கையால் செய்த வாளுக்குத் தடை இல்லை என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து அதே வாய், "எங்கட வீட்டில ஒண்டு இருக்கு, கையால அடிச்சது" என்று தன் பலசரக்குக் கடைக்கு வந்தவர்களிடம் பெருமை பேசியது. அந்த 'எங்கட' தயாளினிக்கு நெஞ்செரிச்சலாக இருந்தது. பொறுத்துக்கொண்டாள்.

அந்தப் புரட்டாதி மாதம், ஆயுத பூசை அன்று, வேலை முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். முன்னறை நிறையச் சனம். சாமிப் படங்களுக்கு முன்னால் புத்தகங்கள், கடைப் பூட்டும் திறப்பும், சுத்தியல், ஸ்குரூ டிரைவர், அத்தானின் லாப்டொப். நடுவில் பெரிய தட்டில், உறை கழற்றிய அவள் வாள். அலகில் மூன்று இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனத் தண்ணீர் வழிந்து விளிம்புவரை இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பெருவிரல் அடையாளம்.

"எப்ப வைச்சனீங்கள்?"

"காலமை, நீ வேலைக்குப் போன கையோட. நல்லாயிருக்கெல்லே? வாற சனமெல்லாம் இதைத்தான் பார்க்குது" என்றார் கனகலிங்கம்.

அவள் தட்டை நோக்கி நடந்தாள். கல்யாணி கையைப் பிடித்தாள். "தயா, உனக்கென்ன விசரே? நாளைக்கு விஜயதசமிப் பூசை முடியாமல் ஒண்டையும் எடுக்கப்படாது."

அது தயாளினிக்குத் தெரியாததல்ல. பூசைக்கு வைத்ததை மறுநாள்வரை தொடாத வீட்டில்தான் அவளும் வளர்ந்தாள். ஆனால் இன்னும் ஓர் இரவு அந்த ஈரத்தில் கிடந்தால் வாள் போய்விடும்.

"அக்கா, அது துருப்பிடிக்குது."

"சந்தனம் பட்டுக் கெட்டுப்போனது ஏதும் இருக்கே?" அத்தான் சிரித்தார். சனமும் சேர்ந்து சிரித்தது.

அப்போதுதான் அவள் கண் லாப்டொப்பில் பட்டது. அதை வழவழப்பான பிளாஸ்டிக் தாளால் நன்றாகச் சுற்றி, தாளின் மேல் பொட்டு வைத்திருந்தார்.

"அத்தான், உங்கட லாப்டொப்புக்கு ஏன் பிளாஸ்டிக் சுத்தினனீங்கள்?"

"அது கரண்ட் சாமான். தண்ணி பட்டா..."

"பட்டா?"

"பழுதாப் போயிடுமெல்லே, பிள்ளை" என்று அவருடைய சிநேகிதர் சண்முகராசா உதவிக்கு வந்தார்.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள் தயாளினி. "தெரிஞ்சுகொண்டு உங்கடையை மூடிக்கட்டிப்போட்டு, என்ரையை உரிஞ்சு வைச்சிருக்கிறியள். என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை. என்ர அலுமாரியைத் திறக்க உங்களுக்கு ஆர் சொன்னது?"

கைப்பிடியைப் பற்றி வாளைத் தூக்கினாள். சனம் சுவரோடு ஒதுங்கியது. "சாமிக் குற்றமடி" என்று அக்கா அழுதது மாடிப்படிவரை கேட்டது.

சந்தனம் துடைக்கப் போயிற்று. அது இருந்த மூன்று இடங்களிலும் மங்கல் நின்றது. பெருவிரல் ரேகை சில நாளில் பழுப்பாகத் தெளிந்து, அச்சுக் குத்தியதுபோல் அங்கேயே தங்கிவிட்டது.

மறுநாள் காலை விஜயதசமிப் பூசை முடியும்வரை தயாளினி கைகட்டி நின்றாள். தீபம் காட்டி முடிந்ததும் தட்டிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பொட்டோடு எடுத்துக்கொண்டு மேலே போனாள். கல்யாணி பின்னாலேயே வந்தாள்.

"ஒரு வீட்டுக்குள்ளயே பூட்டோ, தங்கச்சி?"

"ஓம் அக்கா" என்றாள் தயாளினி, அலுமாரிப் பூட்டின் கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டே.