மீன் தொட்டிக்குள் ஒரு கடற்கரை

காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பாடம் தயாரியுங்கள் என்றால் என் ஆசிரிய மாணவர்கள் முதலில் பனிக்கரடியை வரைவார்கள். மட்டக்களப்பில் கரடி எந்தப் பனியில் நிற்கிறது என்று கேட்டால் சிரிப்பார்கள். மறுவாரம் அதே கரடி வந்து நிற்கும். வருங்கால ஆசிரியர்களுக்குக் கற்பிப்பது என் தொழில். அந்தக் கரடியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் ஒரு நாள் எல்லோரையும் பழம்பொருட்கள் வைத்திருக்கும் நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். ஒரு பொருளுக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் பொருளை வைத்தே பேசிப் பழகட்டும் என்று நினைத்தேன். பிறகு எங்கள் கல்லூரி மண்டபத்தையே அப்படி மாற்றச் சொன்னேன். வீட்டிலிருந்தோ வயலிலிருந்தோ ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும், தரம் நான்கு பிள்ளைகள் பார்க்க வருவார்கள். நாவற்குடாவிலிருந்து வருபவன் உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்தான். இன்னொருத்தி, அறுவடை நேரத்தில் பெய்த மழையால் வயல் வட்டையில் கதிரிலேயே முளைத்துப்போன நெல்லைக் கொண்டுவந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

உன்னிச்சை ஊர் மாணவி ஒருத்தி மீன் தொட்டியோடு வந்தாள். குளத்தங்கரையில் வளர்ந்தவள், கடலை எப்போதாவது ஒரு லீவு நாளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவள். தொட்டிக்குள் மணலால் கரை கட்டி, நெருப்புப் பெட்டிகளை வீடுகளாக அடுக்கியிருந்தாள். ஜக்கால் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கடல் மட்டம் உயரும். அவளுக்கு அன்று அது வெறும் கண்காட்சி அல்ல. கற்பித்தல் பயிற்சியில் ஏற்கனவே ஒரு முறை தவறியவள். இதுவும் போனால் ஆசிரியராகும் வாய்ப்பே போய்விடும். அவளுக்குப் புள்ளி போட வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பயத்தில் ஜக்கை ஒரேயடியாகச் சரித்துவிட்டாள். தண்ணீர் மளமளவென்று கொட்டிவிட்டது. கரை சரிந்து, வீடுகள் மிதந்தன. வந்திருந்தவர்கள் காத்தான்குடிக் கடற்கரையோரத்துப் பிள்ளைகள். "கடல் வருது!" என்று வீரிட்டுக்கொண்டு ஒரு சிறுமி வெளியே ஓடினாள்.

எங்கள் பக்கத்தில் கடல் ஊருக்குள் வரும் என்றால் அதற்கு ஒரே அர்த்தம் சுனாமிதான். அதற்குப் பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான். தொட்டியைச் செய்யும்போது இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பெண் மதிப்பீட்டாளரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "மேடம், இவங்களக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க, இந்தா வாறன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய், விறாந்தைத் தரையில் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"எங்கட மாமாவக் கடல் கொண்டு போயிட்டு டீச்சர். உம்மா இன்னமும் அழுவாங்க."

"அது சொல்லாமக் கொள்ளாம வந்தது மகள். நான் காட்ட வந்தது வேற. இது வருசக் கணக்கில மெல்ல மெல்லத்தான் வரும். நான்தான் பயத்தில ஒரேயடியாக் கொட்டிப்போட்டன். பிழை என்னில."

"உங்களுக்கும் பயமா?"

"ஓம். பின்னுக்கு இருந்து புள்ளி போடுற சேரக் கண்டா சரியான பயம்."

சிறுமி அழுகையோடு சிரித்துவிட்டாள். தன் பரீட்சை கைநழுவிப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பிழை என்னில் என்று சொல்ல எத்தனை ஆசிரியர்களுக்கு மனம் வரும்? எனக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்தப் பரீட்சையில் அவள் சித்தியடைந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் மனதை விட்டுப் போகாதது அதற்குப் பிறகு நடந்தது.

உள்ளே வந்து தண்ணீரை இறைத்துவிட்டு, கரையைத் திரும்பக் கட்டி, ஜக்கைச் சிறுமியின் கையில் கொடுத்தாள்.

"இப்ப நீங்க ஊத்துங்க. மெல்லவா கெதியாவா எண்டு நீங்கதான் பாத்துக்கொள்ளணும்."

சிறுமி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். தண்ணீர் முதல் வீட்டை நெருங்கியதும் மற்றப் பிள்ளைகள் அதைத் தூக்கிப் பின்னாலிருந்த மணல் மேட்டில் வைத்தார்கள். பிறகு அடுத்த வீட்டை. சண்டை பிடித்துப் பிடித்து எல்லா வீடுகளையும் ஏற்றப் பார்த்தார்கள். மேடு நிறைந்துவிட்டது, இரண்டு வீடுகளுக்கு இடமில்லை. சிறுமி கையை நிறுத்தினாள்.

"ஊத்துறத நிப்பாட்டலாம்தானே டீச்சர்?"

பாடக்குறிப்பில் அந்தக் கேள்வி இல்லை. ஆனாலும் அவள் பொய் சொல்லவில்லை.

"நிப்பாட்டலாம் மகள். ஆனா ஜக் எங்கட கையில மட்டும் இல்ல. எங்கயோ தூரத்தில, பெரிய பெரிய நாட்டுக்காரங்கட கையிலயும் இரிக்கு. அவங்கதான் கூட ஊத்துறாங்க."

சிறுமி ஜக்கைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவங்களையும் இங்க கூட்டி வந்து காட்டுங்க."