அடுக்குவீடுகளுக்கு வந்த காய்கறி வண்டி

"எஸ்தர் அக்கா போயிட்டாவ, தம்பி" என்று பேச்சியம்மாள் போனில் சொன்னபோது அலுவலகத்தில் மனுக்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலியாம்; ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அழுகை வரவேண்டிய நேரத்தில் எனக்கு அந்தத் தக்காளிதான் ஞாபகம் வந்தது. இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அதைச் சொல்லாமல் அக்காவை என்னால் வழியனுப்ப முடியாது.

தாமிரபரணிக் கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்குத் திருநெல்வேலிக்கு வெளியே அடுக்குவீடுகள் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு காய்கறிக் கடை இல்லை. சந்தைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வண்டி ஒன்று வாங்கித் தாங்களே காய்கறி கொண்டுவந்து விற்க, நான் வேலை பார்க்கும் சிறிய அறக்கட்டளையிடம் அங்கே குடியிருந்த அக்காவும் பேச்சியம்மாளும் அவர்களுடைய மகளிர் குழுப் பெண்களும் நிதி கேட்டு வந்தார்கள்.

"உங்களுக்கு வியாபார அனுபவம் இல்லையேம்மா. பஸ்தான் ஓடுதே" என்று தலைவர் மனுவை மூடினார். ஓய்வுபெற்ற அதிகாரி அவர்.

அக்கா கோபப்படவில்லை. "அண்ணாச்சி, ஒருநாள் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. ஒரு கிலோ தக்காளி மட்டும் நீங்க பஸ்ல போயி வாங்கியாங்க. கொழம்பைக் கூட்டி வைக்கேன்."

அவர் நிஜமாகவே வந்தார். மனுக் கட்டோடு நானும் கூடப் போனேன். அக்கா வீட்டிலிருந்து பத்து மணிக்குப் பஸ் ஏறினார். திரும்பியபோது ஒன்றரை மணி. சட்டை நனைந்திருந்தது, பைக்குள் பாதித் தக்காளி நசுங்கியிருந்தது. படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவர், "அந்த மனுவை எடு" என்றார் என்னிடம்.

"மொதல்ல சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றார் அக்கா. "தக்காளி இல்லாமலே கொழம்பு வச்சாச்சு. தெனமும் நாங்க அப்படித்தான வைக்கோம்."

மாடிப்படியெங்கும் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு! தலைவரும் சிரித்தார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

வண்டி முதன்முதலாக வந்த காலையை எப்படிச் சொல்வேன்? ஹார்ன் கேட்டதுதான் தாமதம், நான்கு மாடிகளிலிருந்தும் சனம் இறங்கி ஓடி வந்தது. கடற்கரை ஊரில் மீன் கூவி விற்று வளர்ந்த அக்காவின் குரல், "முருங்கக்கா, கீரை, வெண்டக்கா" என்று எல்லாக் கதவையும் தட்டியது. நடக்க முடியாதவர்கள் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினார்கள். அரை மணி நேரத்தில் வண்டி காலி.

"தம்பி, இது பத்தாது வே. அடுத்த காலனிக்காரங்களும் கேக்காங்க. அடுத்த மனு எப்பக் குடுக்கட்டும்?" வியர்வையைக்கூடத் துடைக்காமல் கேட்டார் அக்கா.

அடக்கத்தன்று வண்டியை நிறுத்தலாமா என்று பேச்சு வந்தது. "இன்னைக்கும் சனம் சாப்பிடணும்லா" என்றார் பேச்சியம்மாள். வண்டி போனது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அவசரம். நல்ல மனு ஒன்று கையில் கிடைத்தால், இப்போதெல்லாம் நான் மனுக்களைப் பரிசீலிக்கும் கூட்ட நாளுக்குக் காத்திருப்பதில்லை. எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்கு ஓடுகிறேன்.