பூஜ்யம் காட்டிய தேதி

“சி படிச்சிகினு இன்னா கிழிக்கப் போற?” என்று ஆவடியில் நான் வேலை பார்க்கும் செல்போன் கடை முதலாளி கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். உடைந்த போன்களில் உள்ளதை மீட்க, சி என்ற கணினி மொழியில் நானே ஒரு புரோகிராம் எழுதினேன்.

அதை நம்பி ஓர் ஆட்டோக்காரர் இறந்த மகனின் போனைக் கொண்டுவந்தார். பேசுமுன் அதைச் சட்டை நுனியால் துடைத்துக்கொள்வார். ஒரு குரல் பதிவு மட்டும் கிடைத்தது.

“நைனா, எனக்குக் கோவம்லாம் இல்ல. நீ துன்னுட்டுப் படு.”

தேதி, 1970 ஜனவரி 1, காலை ஐந்தரை என்றிருந்தது.

“நானே அப்போ பொறக்கலியேம்மா.”

சி மொழியில் நேரம் என்பது அந்தக் கணத்திலிருந்து எண்ணிய விநாடிகள். பதிவான நேரம் அழிந்தால் பூஜ்யம் மிஞ்சும். அதையும் என் புரோகிராம் தேதியாகக் காட்டிவிடும். இதைச் சொன்னேன்.

“கடசியா சண்ட போட்டுக்கினுதான் வண்டிய எட்த்தான். இது அதுக்கு அப்பால பேசுனதா, பழசா? அத்த மட்டும் சொல்லும்மா.”

‘அப்புறம்தான்’ என்று நாக்கு நுனிவரை வந்தது.

“தெரியல அங்கிள்.”

“மெஷினுக்கே தெரியலியா?”

போனைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பொய்யாவது சொல்லியிருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது. அன்று மாலையே புரோகிராமைத் திருத்திவிட்டேன். பூஜ்யம் வந்தால் இனி அது தேதி காட்டாது. ‘நேரம் தெரியவில்லை’ என்று எழுதும்.